எதிர் கோலில் எங்கள் பையன்

ஹார்லன் கால்பந்து கோச் ஆனதற்கு ஒரே காரணம், அவர் நைஜீரியாவில் வளர்ந்தவர் என்பதுதான். என் மாமனாரும் மாமியாரும் அங்கே மிஷனரிகளாக இருந்தார்கள். பள்ளிப் படிப்பு முடியும்வரை ஹார்லன் அந்த ஊர்ப் பையன்களோடு வெறுங்காலில் பந்து உதைத்துத் திரிந்தவர். பிறகு அயோவாவுக்கு வந்து, எங்கள் எபெனேசர் கல்லூரியில் படித்து, அங்கேயே கணக்கு வாத்தியாராகி, என்னையும் கட்டிக்கொண்டார். எழுபத்து நான்காம் வருஷம், ஆண்களுக்கு ஒரு கால்பந்து அணி வேண்டும் என்று கல்லூரியில் முடிவானபோது, டீன் நேராக எங்கள் வீட்டுச் சமையலறைக்கே வந்துவிட்டார்.

"ஹார்லன், நீதானே ஆப்பிரிக்காவுல இருந்தவன்? எங்களுக்கெல்லாம் அந்த ஆட்டத்துல எத்தனை பேர்னுகூடத் தெரியாது. நீயே பாத்துக்க."

"எனக்கு ஆடத்தான் தெரியும். சொல்லிக்குடுக்கத் தெரியாதே."

"வாத்தியார்தானே நீ? கணக்குச் சொல்லிக்குடுக்கற மாதிரி சொல்லிக்குடு."

எங்கள் பக்கத்தில் ஃபுட்பால் என்றால், கையில் ஏந்திக்கொண்டு ஓடும் அந்த முட்டைப் பந்துதான். அதற்கு நல்ல மைதானம், விளக்கு, வாத்தியக் குழு எல்லாம் உண்டு. ஹார்லனுக்குக் கிடைத்தது கல்லூரி எல்லையில் இருந்த ஒரு சரிவு நிலம். ஒரு பக்கம் சோளக்காடு. செப்டம்பரில் பந்து அதற்குள் போய்விட்டால், தேடப் போனவனையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும். தெற்குக் காற்று அடித்தால் பக்கத்துப் பண்ணைக்காரர் ஹூக்ஸ்ட்ராவின் பன்றிக் கொட்டகை நாற்றம் ஆளைத் தூக்கும். எங்கள் பையன்களுக்கு அது பழக்கம். வெளியூர் அணிகள்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆடும். அப்படியும் முதல் வருஷம் எல்லா ஆட்டத்திலும் தோற்றார்கள்.

ஹார்லன் கத்தமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கோட்டோரம் நிற்பார், பரீட்சை அறையில் நிற்பதுபோல. ஆட்டத்துக்கு முன்னால் பையன்களோடு வட்டமாக நின்று ஜெபம் செய்வார். ஜெயிக்க வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "ஆண்டவரே, யாருக்கும் கால் ஒடியாம பாத்துக்கும். ஆமென்." அவ்வளவுதான். மெல்ல மெல்ல அணி தேறியது. எண்பதுகளில் எங்கள் வட்டாரத்தில் மதிக்கத்தக்க அணி என்று பெயர் வாங்கியது.

பெயர் வந்ததும் வம்பும் வந்தது. எங்கள் சபையின் மூப்பர் விம் ஹூக்ஸ்ட்ரா (அந்தப் பன்றிக் கொட்டகைக்காரர்தான்) தன் பையன் கென்ட்டை அணியில் சேர்த்துவிட்டிருந்தார். கென்ட் நல்ல பையன். ஆனால் அவனைவிடச் சோளக்கட்டை வேகமாக ஓடும். நான்கு வருஷமும் அவன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். கடைசி வருஷம், ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் சபையின் கீழ்த்தளத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது விம் எங்களிடம் வந்தார்.

"ரொம்ப நியாயஸ்தன்தான்டா நீ. உன் பையனுக்கும் ஒருநாள் வயசு வரும் ஹார்லன். அப்ப வந்து பாக்கறேன் உன் தராசை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்கள் பையன் டிர்க்குக்கு அப்போது ஒன்பது வயது. பக்கத்து மேஜையில் பிஸ்கட்டைக் காபியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். நான் அந்தப் பேச்சை வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிட்டேன். ஹார்லன் மறக்கவில்லை. அது எனக்குத் தெரிய பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

டிர்க் கோல்கீப்பர். நடக்கத் தொடங்கிய நாள்முதல் விழுந்து எழுவதுதான் அவனுக்கு விளையாட்டு. கொல்லைப்புறத்தில் இரண்டு மேப்பிள் மரத்துக்கு நடுவில் அவன் நிற்பான், ஹார்லன் உதைப்பார். எப்போதும் வலப்பக்கம்தான் பாய்வான். "இன்னொரு பக்கமும் இருக்குடா" என்று ஹார்லன் சிரிப்பார். இருட்டி, பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை இரண்டு பேரும் உள்ளே வரமாட்டார்கள்.

தொண்ணூற்று இரண்டில் டிர்க் எபெனேசரில் சேர்ந்தான். ஆகஸ்டில் தேர்வு ஆட்டங்கள் நடந்தன. அணியில் மூன்று கீப்பர்களுக்கு இடம். தேர்வு முடிந்த மறுநாள் காலை நாங்கள் மூவரும் வழக்கம்போல ஓட்மீல் சாப்பிட்டோம். ஹார்லன் வழக்கம்போல வேதத்தில் ஒரு பகுதியை வாசித்து, ஜெபித்து, தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பத்து மணிக்கு உடற்பயிற்சிக் கூடத்தின் கதவில் பெயர்கள் ஒட்டப்பட்டன. டிர்க்கின் பெயர் இல்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்தான். கதவை அறையவில்லை, எதையும் எறியவில்லை. கையுறைகளைச் சமையலறைக் குப்பைத் தொட்டியில் மெதுவாக வைத்துவிட்டு மாடிக்குப் போனான். நான் அவற்றை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்தேன்.

அன்று சாயங்காலம் ஹார்லனைப் பிடித்துக்கொண்டேன்.

"மூணாவதா எடுத்தியே ஒரு பையன், அவன் நம்ம டிர்க்கவிட நல்லா ஆடறானா?"

"ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒண்ணுதான்."

"ஏறக்குறையன்னு கணக்கு வாத்தியார் சொல்லலாமா?"

அவர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"காலையில ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோமே ஹார்லன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மத்த பசங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி அவனுக்கு மட்டும் சொன்னா அது நியாயமா?" என்றார். பிறகு தணிந்த குரலில், "நான் அவன எடுத்திருந்தா ஊர் என்ன பேசும்னு உனக்குத் தெரியாது, மார்லிஸ்" என்றார்.

"எடுக்கலன்னா நான் என்ன பேசுவேன்னு யோசிச்சியா?"

கிறிஸ்துமஸ் முடிந்ததும் டிர்க் கல்லூரி மாறினான். போன இடம் செயின்ட் வால்பர்கா, மிசௌரி ஆற்றுக்கு அந்தப் பக்கம், கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் கல்லூரி. வாத்தியார் பிள்ளைகளுக்கு எபெனேசரில் இலவசம். செயின்ட் வால்பர்காவிலோ அவன் இரவு நேரத்தில் பால் பண்ணையில் வேலை செய்து படித்தான். எங்கள் புராட்டஸ்டன்ட் சபையில் இது பெரிய பேச்சாகிவிட்டது. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் எங்கள் குடும்பத்துக்காக விசேஷ ஜெபம் செய்தார்கள், யாருக்கோ புற்றுநோய் வந்ததுபோல.

அவன் ஆடும் ஆட்டங்களைப் பார்க்க நான் போனேன். இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போவேன். ஹார்லனுக்கு அதே நாட்களில் தன் அணியின் ஆட்டம் இருக்கும். இல்லாத வாரங்களில், "பேப்பர் திருத்தணும்" என்பார். அந்த அணியோடு ஒரு நட்பு ஆட்டம்கூட அவர் ஏற்பாடு செய்யவில்லை. நான் திரும்பி வந்ததும், "ரோடெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார். ரோடு நன்றாக இருந்தது என்பேன்.

அங்கே முதல்நாள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றேன். பருத்த உடம்பும், அங்கிக்கு மேல் ஒரு பெரிய குளிர்ச்சட்டையும், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸுமாக ஒரு கன்னியாஸ்திரீ, நடுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பினார். சிஸ்டர் லியோகாடியா. லத்தீன் சொல்லிக்கொடுப்பவர்.

"நீங்க யாரோட அம்மா?"

"கோல்கீப்பரோட."

"ஐயோ பாவம். இப்படி வந்து உக்காருங்க. கீப்பரோட அம்மா தனியா இருக்கக் கூடாது."

"நான் கத்தோலிக் இல்ல, சிஸ்டர்."

"இருக்கட்டுமே. குளிர் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்" என்று தன் போர்வையில் பாதியைத் தந்தார்.

மூன்று வருஷம் அந்தப் போர்வைக்குள்தான் என் பையன் ஆளானதைப் பார்த்தேன். வலப்பக்கம் கண்ணை மூடிக்கொண்டு பாயும் பழக்கமே போய்விட்டது. பெனால்டி என்றால் இப்போது கடைசிவரை அசையாமல் நிற்பான். உதைப்பவன் ஊன்றும் காலைப் பார்ப்பான். அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் பாய்வான்.

தொண்ணூற்று ஐந்து நவம்பரில் தவிர்க்க முடியாதது நடந்தது. மண்டல இறுதியாட்டத்துக்கு இரண்டு அணிகளும் வந்தன. ஜெயிப்பவர்கள் தேசியப் போட்டிக்குப் போவார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஹார்லனின் அணி அங்கே போனதே இல்லை. ஆட்டம் செயின்ட் வால்பர்கா மைதானத்தில். முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் ஹார்லன் கேட்டார்:

"நீ எந்தப் பக்கம் உக்காருவே?"

"நின்னுக்கறேன்" என்றேன்.

அப்படியே செய்தேன். நடுக்கோட்டுக்கு நேராக வேலியோரம் நின்றேன். சிஸ்டர் லியோகாடியா தன் இடத்தை விட்டு இறங்கி வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். காற்று முகத்தை அறுத்தது. ஆளுக்கு ஒரு கோல். கூடுதல் நேரத்திலும் முடிவு வரவில்லை. பெனால்டிக்குப் போனது.

எபெனேசர் பையன்கள் ஹார்லனைச் சுற்றி நின்றார்கள். அங்கே நடந்ததை அணித்தலைவன் நோலன் பிற்பாடு என்னிடம் சொன்னான்.

"கோச், உங்க பையன்தானே? எந்தப் பக்கம் விழுவான், சொல்லுங்க" என்று அவன் கேட்டிருக்கிறான். ஹார்லன் வாயைத் திறந்து, "வலது" என்று சொல்லப் போனவர் நின்றுவிட்டார். "கொஞ்சம் இருங்க" என்றார்.

அவர் மைதானத்தைக் கடந்து என்னை நோக்கி நடந்து வருவதை எல்லோரும் பார்த்தார்கள். கோலில் நின்ற டிர்க்கும் பார்த்தான்.

"மார்லிஸ்."

"என்ன?"

"அவன் இன்னும் வலப்பக்கந்தான் விழறானா?"

எனக்குப் பதில் தெரியும். ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அவருக்கு அந்த வெற்றி எவ்வளவு தேவை என்றும் எனக்குத் தெரியும்.

"மூணு வருஷமா ரோடு எப்படி இருந்துச்சுன்னுதான் கேட்டே, ஹார்லன். ஒருநாளாவது இதக் கேட்டிருக்கியா? இப்ப உன் பசங்களுக்காகக் கேக்கறே."

அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு நீலம் பாரித்திருந்தது. "சரிதான்" என்றார். திரும்பிப் போனார்.

மத்தியானம் முழுக்க வாய் மூடாத சிஸ்டர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். பிறகு, "நான் காதைப் பொத்திக்கிட்டேன், மார்லிஸ்" என்றார்.

"பொத்தல."

"பொத்தல" என்று ஒப்புக்கொண்டார்.

ஹார்லன் பையன்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "எனக்குத் தெரியாது. இன்னைக்கு முன்னால என் பையன் பெரிய ஆளா ஆடி நான் பாத்ததே இல்ல. உங்களுக்கு எங்க அடிக்கத் தோணுதோ அங்க அடிங்க."

டிர்க் இரண்டைத் தடுத்தான். இரண்டாவதைத் தடுத்தபோது ஆட்டம் முடிந்தது. அவன் கூட்டாளிகள் அவன்மேல் விழுந்து புரண்டார்கள். நான் கை தட்டவில்லை, அழவும் இல்லை. சிஸ்டர் என் தோளைப் பிடித்து உலுக்கியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாக எதிரெதிரே நடந்து கை குலுக்குவது வழக்கம். ஹார்லன் வரிசையின் கடைசியில் வந்தார். ஒவ்வொருவனிடமும், "நல்லா ஆடினே, நல்லா ஆடினே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். டிர்க்கின் முறை வந்தது.

"நல்லா ஆடினே" என்றார்.

"தேங்க்ஸ், கோச்" என்றான் டிர்க்.

அந்தச் சொல் அவரை எங்கே தைத்தது என்று வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தே எனக்குத் தெரிந்தது. வீட்டில் ஒருநாளும் அவன் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

மறுநாள் ஞாயிறு. கீழ்த்தளத்தில் காபி. விம் ஹூக்ஸ்ட்ரா தட்டு நிறைய பன்றியிறைச்சி வைத்த பன்களோடு வந்து ஹார்லனின் முதுகில் தட்டினார்.

"என்னப்பா, உன் பையனே உன்னக் கவுத்துட்டானாமே! அப்பேர்ப்பட்ட கீப்பர எதுக்குடா கத்தோலிக்கக்காரங்ககிட்ட விட்டே?"

ஹார்லன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உங்களுக்குப் பயந்துதான், விம்."

"எனக்கா? நான் என்ன பண்ணேன்?"

"கென்ட்டோட கடைசி வருஷம், இதே இடத்துல, என் பையன் வரட்டும், என் தராசைப் பாக்கறேன்னு சொன்னீங்க."

விம் யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். "நானா சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லையே. கென்ட்டுக்குப் பந்து ஆடவே வராதுன்னு எனக்கே தெரியுமேப்பா" என்றார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. பன்னைக் கடித்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போகும்வழியில் ஹார்லன் காரை ஓரமாக நிறுத்தினார். "அந்த மூணாவது கீப்பர் டிர்க்குக்குக் கிட்டகூட வரமாட்டான், மார்லிஸ். அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றார்.

"இத என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை செயின்ட் வால்பர்காவின் தேசியப் போட்டி ஆட்டம், மிசௌரி மாநிலத்தில். ஹார்லன் தன் வாழ்நாளில் முதல்தடவையாக வகுப்பை ரத்து செய்தார். விடிவதற்கு முன் கிளம்பினோம். பார்வையாளர் படிக்கட்டில் உட்கார அவருக்குத் தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்று விளங்கவில்லை; எழுவார், உட்காருவார். சிஸ்டர் லியோகாடியா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா அந்த அப்பா?"

"ஆமா, சிஸ்டர்."

"உக்காருங்க. எழுந்து எழுந்து மறைக்காதீங்க. நான் வந்தது உங்க முதுகைப் பாக்கறதுக்கில்ல."

செயின்ட் வால்பர்கா தோற்றது, ஒரே ஒரு கோலில். டிர்க் கையுறையைக் கழற்றிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தான். கல்லூரியில் அவனுக்கு அதுதான் கடைசி ஆட்டம். ஹார்லன் பஸ் அருகே போய் நின்றார். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

"டிர்க், உன்ன அன்னைக்கு நான் எடுத்திருக்கணும். நீ அந்தப் பையனவிட ரொம்ப மேல. ஊர் பேசுமேன்னு பயந்து விட்டுட்டேன். தப்பு என் மேலதான்."

டிர்க் அவரையே பார்த்தான். "போன வாரம் நான் ரெண்டையும் விட்டிருந்தா, நீங்க ஜெயிச்சிருந்தா, இத வந்து சொல்லியிருப்பீங்களாப்பா?"

ஹார்லன் யோசித்தார். "தெரியலடா" என்றார்.

"எடுக்காததுகூடப் பரவாயில்லப்பா. அந்தக் கதவு முன்னாடி எல்லாரும் நின்னுட்டு இருந்தாங்க. நான் மேலேருந்து கீழ மூணு தடவ படிச்சேன். விட்டுப்போச்சோன்னு நெனச்சேன். எல்லாப் பசங்களும் என்னப் பாக்காத மாதிரி பாத்தாங்க."

"ஆமா" என்றார் ஹார்லன்.

"பஸ் கிளம்புது" என்றான் டிர்க். என்னை மட்டும் கட்டிக்கொண்டுவிட்டு ஏறிவிட்டான்.

ஹார்லன் அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருஷம் கோச்சாக இருந்தார். ஒரே ஒரு தடவை தேசியப் போட்டிக்குப் போய் முதல் சுற்றில் தோற்றார்கள். கதவில் பெயர் ஒட்டுவதை மறுவருஷமே நிறுத்திவிட்டார். எடுக்காத பையன்களை ஒவ்வொருவனாக அறைக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்து, ஏன் எடுக்கவில்லை என்று சொல்வார். ஆகஸ்டில் அந்த ஒருநாள் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஓய்வு பெற்றபோது கல்லூரியில் விருந்து வைத்தார்கள். ஜெயித்ததைவிடத் தோற்றது கொஞ்சம் அதிகம் என்று அவரே எழுந்து கணக்குச் சொன்னார்.

அதெல்லாம் பிற்பாடு. மிசௌரியிலிருந்து திரும்பிய அடுத்த வியாழன் நன்றி கூறும் நாள், பிள்ளைகள் வீட்டுக்கு வந்து விருந்துண்ணும் நாள். டிர்க் வருவானா என்று தெரியாமல்தான் மூன்று தட்டு வைத்தேன். மத்தியானம் வந்தான். கோட்டைக் கழற்றினான். ஜெபம் முடிந்தது. வாட்டிய வான்கோழியைத் துண்டு போட்டோம். பனி பெய்யுமா என்று பேசினோம், பால் பண்ணை மாடுகளைப் பற்றிப் பேசினோம். பிறகு கரண்டிச் சத்தம்தான்.

ஹார்லன் தொண்டையைச் செருமினார்.

"கார்னர் கிக் வரும்போது நீ கோட்ட விட்டு ரொம்ப முன்னாடி நிக்கறியே, அது எதுக்கு? நான் என் பசங்களுக்குப் பின்னாடி நில்லுன்னுதான் சொல்லிக்குடுத்திருக்கேன்."

டிர்க் நிமிர்ந்து பார்த்தான். குத்திக்காட்டுகிறாரா என்று பார்த்தான்போல. அவர் முகத்தில் அது இல்லை. கணக்குப் புரியாத பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அது தப்புப்பா" என்றான் டிர்க். "பின்னாடி நின்னா நீங்க பந்துக்காகக் காத்திருக்கணும். முன்னாடி நின்னா பந்து உங்களுக்காகக் காத்திருக்கும்."

"புரியல. காட்டு."

உப்புச் சீசாவை எடுத்து நடுவில் வைத்தான். மிளகுச் சீசா உதைப்பவன். என் தட்டிலிருந்து ஒரு பன் போய்த் தடுப்பாட்டக்காரன் ஆனது. ஹார்லன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "அப்ப இவன் உள்ள புகுந்துட்டா?" என்று ஒரு கரண்டியை நகர்த்தினார். "புகுந்தா என்ன, நான் அதுக்குள்ள இங்க" என்று டிர்க் உப்பைத் தள்ளினான். "அவ்வளவு வேகமா வரமுடியாதுடா." "வருவேன். நீங்கதான் பாத்ததில்லையே." கரண்டி பழைய இடத்துக்கே திரும்பியது. "பாத்ததில்லதான்," என்றார் ஹார்லன், "திரும்பச் செய், பாக்கறேன்."

வான்கோழி ஆறிக்கொண்டிருந்தது. நான் இறைச்சிச் சாறு ஊற்றிக்கொள்ளக் கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினேன்.

"இருங்கம்மா, எடுத்துடாதீங்க" என்றான் டிர்க். "அது கோல் கம்பம்."

நான் சாறு இல்லாமலே சாப்பிட்டேன்.